மேடத்துக்கு மட்டும் அடங்கும் காம்பஸ்

கேப்டன்: ...இப்ப பாருங்க. நீங்க ரெண்டு பேரும் உள்ள வர்றதுக்கு முன்னாடி தொண்ணூறு காட்டுச்சு. சுத்தமான கிழக்கு. இப்ப எவ்வளவு?

கரண்ட்: எண்பத்தி ரெண்டு, மேடம்.

கேப்டன்: கப்பல் எங்க இருக்கு?

கரண்ட்: கரையில கட்டியிருக்கு.

கேப்டன்: எதால கட்டியிருக்கு?

கரண்ட்: என் தொடை மொத்தத்துக்கு நாலு வடம்.

கேப்டன்: அப்ப திரும்பினது யாரு? கப்பலா, கரையா?

சுக்கானி: கரை திரும்பியிருக்க வாய்ப்பு கம்மி மேடம்.

கேப்டன்: சுக்கானி, நான் பதில் கேட்கல. எரிச்சல்ல கேட்கிறேன்.

சுக்கானி: சரிங்க மேடம்.

கேப்டன்: இருபது வருஷத்துக்கு மேல இந்தக் கப்பலோட சுக்கானைப் பிடிக்கிறவர் நீங்க. அதே அளவு காலமா இதுல ஒயர் இழுக்கிறவர் இவர். துறைமுகமே இவரை 'கரண்ட்'னுதான் கூப்பிடுது, சம்பளத்துலகூட அந்தப் பேரைப் போட்டிருப்பாங்களோன்னு சந்தேகம். நான் வந்து ஒன்றரை வருஷம். எனக்கு அடங்குற காம்பஸ் உங்களுக்கு ஏன் அடங்க மாட்டேங்குது?

கரண்ட்: பதவிக்கு மரியாதை குடுக்குது மேடம்.

கேப்டன்: கரண்ட்...

கரண்ட்: இல்ல, மன்னிச்சுக்கோங்க. பக்கத்துல கைரோ காம்பஸ் ஒழுங்கா வேலை செய்யுது, சாட்டிலைட் பெட்டி வேலை செய்யுது. அதைக் காட்டிச் சமாளிக்க முடியாதா?

கேப்டன்: ரெண்டும் எதுல ஓடுது?

கரண்ட்: கரண்ட்ல.

கேப்டன்: கரண்ட் போச்சுன்னா?

கரண்ட்: ...இந்தக் காந்தக் காம்பஸ் ஒண்ணுதான்.

கேப்டன்: அதைத்தான் சோதனை அதிகாரி முதல்ல பார்ப்பார். மனுஷன் பக்கத்துக் கப்பல்ல சாப்பாட்டுல உட்கார்ந்திருக்கார். கை கழுவினதும் இங்கதான். கிழக்கைப் பார்த்துக் கட்டின கப்பல்ல காம்பஸ் கிழக்கு காட்டலேன்னா, நேரா...

சுக்கானி: விறகுக்கடை.

கேப்டன்: விறகுக்கடையேதான். உடைக்கிற ஆளு காலையிலேயே வந்து பலகையைத் தட்டிப் பார்த்துட்டுப் போயிட்டான்.

சுக்கானி: தட்டினானா? யாரைக் கேட்டுத் தட்டினான்? எந்தப் பக்கம்?

கேப்டன்: இடது பக்கம். 'நல்ல மரம்'னான்.

சுக்கானி: நல்ல மரம்னு நமக்குத் தெரியாதா! இவன் வந்து சர்டிபிகேட் குடுக்கணுமா? உயிரோட இருக்கும்போதே பாடைக்கு அளவெடுக்கிறான் பாருங்க...

கேப்டன்: சோதனையில தேறினோம்னா வேலை தயாரா இருக்கு. தெற்குத் துறைமுகத்துல தூர் வாரும்போது பழைய சண்டைக்காலத்துக் கண்ணிவெடி மேல வந்திருக்கு. எத்தனை மிச்சம் கிடக்குன்னு தெரியல. மீன்பிடிப் படகு ஒண்ணும் வெளிய போகல. அத்தனை வீட்டுலயும் அடுப்பு அணைஞ்சு கிடக்கு. இரும்புக் கப்பலை அது மேல அனுப்ப முடியாது. மரக்கப்பல்னு மிச்சமிருக்கிறது நம்ம ஒண்ணுதான்.

கரண்ட்: ஏன் அனுப்ப முடியாதுன்னா மேடம், கண்ணிவெடிக்குக் கண்ணு கிடையாது...

கேப்டன்: தெரியும்.

கரண்ட்: இரும்பு அது மேல போனா, பூமியோட காந்தம் லேசா கலங்கும். குளத்துத் தண்ணியில விரலை விட்ட மாதிரி. அந்தக் கலக்கம் பட்டாத்தான் அது முழிக்கும். அதனாலதான் நம்ம ஆளுக்கு உடம்பு மரம், ஆணி வெண்கலம், சட்டி அலுமினியம்...

கேப்டன்: கரண்ட், நான் இந்தக் கப்பலோட கேப்டன்.

கரண்ட்: அதான் மேடம், கேப்டனுக்கு ஞாபகம் இருக்கணுமேன்னு சொல்றேன். காம்பஸும் கண்ணிவெடியும் ஒரே குடும்பம். ரெண்டுக்கும் காந்தம் மட்டும்தான் தெரியும். ஒண்ணு திரும்பும், ஒண்ணு வெடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கேப்டன்: இது இப்ப திரும்புது. ஏன்னு சொல்லுங்க.

கரண்ட்: கிட்டத்துல எங்கயோ காந்தமோ இரும்போ இருக்கு.

கேப்டன்: அதைத்தான் நாலு நாளா சொல்றீங்க! அதைச் சொல்லியே என் கொண்டை ஊசியைக் கழட்ட வச்சீங்க. அணிவகுப்புல தலைவிரி கோலமா நின்னேன்.

கரண்ட்: ஊசி இரும்பு மேடம்.

கேப்டன்: சமையல்காரர் சட்டியைப் பிடுங்கி வச்சிருக்கீங்க.

கரண்ட்: அடியில இரும்புத் தகடு ஒட்டியிருந்தான். அலுமினியத்துல அடி பிடிக்குதாம். கண்ணிவெடி வாரும்போது கப்பலுக்கே அடி பிடிக்கும், அது பரவாயில்லையா?

கேப்டன்: ஒலிபெருக்கியைக் கழட்டினீங்க. சுவர்க் கடிகாரத்தைக் கழட்டினீங்க. வரைபட மேஜையைக் கால் கால்னு பிரிச்சுப் போட்டிருக்கீங்க. நான் ரெண்டு நாளா வரைபடத்தை மடியில வச்சுப் பார்க்கிறேன். ஏன் மேஜையைப் பிரிச்சீங்க?

கரண்ட்: அது ஒரு அருமையான கணக்கு மேடம். சொல்லவா?

கேப்டன்: வேண்டாம்.

கரண்ட்: ரொம்பச் சின்னது.

கேப்டன்: ...சொல்லித் தொலைங்க.

கரண்ட்: போன வாரம் நம்மளை வேற கரையில, வடக்கைப் பார்த்துக் கட்டியிருந்தாங்க. அப்ப காம்பஸ் ஒழுங்கா இருந்துச்சு. இங்க கிழக்கைப் பார்த்துக் கட்டினதும் கோளாறு. ஏன்? இந்தக் காம்பஸ் தட்டை பூமி எப்பவும் வடக்கே இழுத்துப் பிடிச்சிருக்கு. காம்பஸுக்கு நேர் முன்னாடியோ நேர் பின்னாடியோ ஒரு காந்தம் இருக்குன்னு வைங்க. கப்பல் வடக்கே பார்த்து நின்னா, அந்தக் காந்தமும் அதே கோட்டுல இழுக்கும். தட்டு திரும்பாது. ஒரே கயித்தை ரெண்டு பேர் ஒரே பக்கம் இழுக்கிற மாதிரி. கப்பல் கிழக்கே திரும்பினா, பூமி ஒரு பக்கம் இழுக்கும், இது குறுக்கே இழுக்கும். தட்டு ரெண்டுக்கும் நடுவுல போய்க் கோணலா நிக்கும்.

கேப்டன்: அதனால?

கரண்ட்: அதனால அந்தச் சனியன் காம்பஸுக்குப் பக்கவாட்டுல இல்ல. முன்னாடி இருக்கு, இல்ல பின்னாடி இருக்கு. முன்னாடி இருந்தது உங்க மேஜை. பிரிச்சாச்சு.

கேப்டன்: பின்னாடி?

கரண்ட்: பின்னாடி ஒண்ணும் இல்ல மேடம். சும்மா நாங்க நிக்கிற இடம்.

கேப்டன்: காம்பஸ் ரிப்பேர்காரர் வந்தாரே, அவர் என்னதான் பார்த்தார்?

சுக்கானி: 'எல்லாரும் வெளிய போங்க, கூட்டம் இருந்தா எனக்கு வேலை ஓடாது'ன்னார். கதவைச் சாத்திக்கிட்டு உள்ள நின்னார். வெளிய வந்து, 'கண்ணு மாதிரி வச்சிருக்கீங்க, இது மாதிரி காம்பஸை நான் பார்த்ததே இல்ல'ன்னு என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போயிட்டார்.

கேப்டன்: அவர் போனதும்?

சுக்கானி: நான் உள்ள வந்தேன். கோணிக்கிச்சு.

கேப்டன்: கடவுளே... சரி. காம்பஸ் கிடக்கட்டும் ஒரு நிமிஷம். அந்த அதிகாரி என்னைக் கேட்பார், 'இந்தப் பழைய பலகையை ஏன் வச்சிருக்கணும், இத்தனை வருஷத்துல இது என்ன கிழிச்சுது'ன்னு. நான் என்ன சொல்லட்டும்? நீங்க பார்த்ததுல நல்லதா நாலு சொல்லுங்க.

சுக்கானி: சண்டை முடிஞ்சப்ப இந்தத் துறைமுக வாசலைத் தொறந்ததே இதுதான் மேடம். நான் ஏறின முதல் பயணம். வெளிய தானியக் கப்பல் வரிசையா நிக்குது, உள்ள வர பயம். ஊர்ல அரிசி கிடையாது. நாங்க காலையில இருந்து இருட்டுற வரைக்கும் உழவன் ஏர் ஓட்டுற மாதிரி ஓட்டுனோம். போக, திரும்ப, போக, திரும்ப. பின்னாடி வடத்தை இழுத்துக்கிட்டு. வெடி ஒவ்வொண்ணா அடிக்கயிறு அறுபட்டு மேல மிதக்கும். அதைச் சுட்டுத் தள்ளுவோம். எல்லாம் முடிஞ்சதும் முதல் தானியக் கப்பல் உள்ள வந்துச்சு. அது எங்க பின்னாடியேதான் வந்துச்சு. நாங்க போன தடத்தைவிட்டு ஒரு முழம் விலகல. குஞ்சு கோழி பின்னாடி வர்ற மாதிரி. அவ்வளவு பெரிய குஞ்சு, இவ்வளவு சின்னக் கோழி.

கேப்டன்: நல்லா இருக்கு. இதைச் சொல்லலாம். அப்புறம்?

சுக்கானி: கடத்தல்காரனைத் துரத்தினது.

கேப்டன்: பிடிச்சீங்களா?

கரண்ட்: அது வேண்டாம் மச்சான்.

கேப்டன்: ஏன் வேண்டாம்? பிடிச்சீங்களா இல்லையா?

சுக்கானி: அவன் படகு வேகம் மேடம். போயிட்டான். அப்புறம் திரும்பி வந்தான்.

கேப்டன்: சரணடையவா?

சுக்கானி: நம்ம இன்ஜின் நின்னுபோச்சு. கையாட்டிப் பார்த்திருக்கான், யாரும் துரத்தல. என்னடான்னு வந்து பார்த்து, பாவப்பட்டு ஒரு ஸ்பேனர் குடுத்தான்.

கேப்டன்: கடத்தல்காரன் கடற்படைக்கு ஸ்பேனர் குடுத்தான்.

கரண்ட்: நான் வாங்க விடல மேடம். இரும்பு ஸ்பேனர்.

கேப்டன்: ரொம்பப் பெருமை. அதிகாரி முன்னாடி இந்தக் கதையை யாராவது தொட்டீங்க, நானே கப்பலை உடைக்கச் சொல்லிடுவேன். வேற?

கரண்ட்: வெள்ளம். ஆத்துக் கரை உடைஞ்ச வருஷம். பெரிய கப்பல் எதுவும் உள்ள வர முடியாது, தரை தட்டிடும். நம்ம மரச்செருப்புக்கு அடி மட்டம் கம்மி...

கேப்டன்: அந்தப் பேரைச் சொல்லாதீங்கன்னு எத்தனை தடவை...

கரண்ட்: எல்லாரும் அப்படித்தான் மேடம் கூப்பிடுறாங்க. பெரிய கப்பல்காரங்க இதைப் பார்த்தா, 'யாரோ ஒரு கால்ல மரச்செருப்பைத் தண்ணியில விட்டுட்டாங்க'ம்பாங்க. அன்னிக்கு அந்தச் செருப்புதான் தெருவுக்குள்ளயே போச்சு. ஆஸ்பத்திரி ரெண்டாவது மாடி ஜன்னல் கம்பியில வடத்தைக் கட்டினோம். நோயாளிங்களைக் கட்டிலோட இறக்கினோம். மச்சான் சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு, 'விளக்குக் கம்பத்துக்கு இடது பக்கம், தபால் பெட்டிக்கு வலது பக்கம்'னு கப்பல் ஓட்டினார். கடல்ல இருக்கிறவன் யாரும் அப்படி ஓட்டியிருக்க மாட்டான்.

சுக்கானி: தபால் பெட்டி மேல லேசா உரசிட்டேன்.

கரண்ட்: அன்னிக்கு ராத்திரிதான் மேடம், இவர் என்னைப் பார்த்து, 'உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?'ன்னு கேட்டார். இவர் தங்கச்சியைத்தான் கட்டியிருக்கேன்.

சுக்கானி: வெள்ளத்துல மூளை குழம்பி இருந்துச்சு மேடம்.

கேப்டன்: குடும்பக் கதையை நிறுத்துங்க. ஆஸ்பத்திரி ஜன்னலைச் சொல்றேன், தானியக் கப்பலைச் சொல்றேன். ஆனா காம்பஸ் கோணினா இதெல்லாம் இரங்கல் கூட்டத்துல பேசத்தான் உதவும். நான் போய் அந்த மனுஷனை இன்னொரு காபி குடிக்க வச்சுட்டு வர்றேன். அதுக்குள்ள கண்டுபிடிங்க. எதையாவது!

சுக்கானி: ...போயிட்டாங்களா?

கரண்ட்: போயிட்டாங்க.

சுக்கானி: மாப்ள, சுக்கானுக்கு அடியில குனிஞ்சு பாரு. ஏதாவது ஆணி கிடக்கும்.

கரண்ட்: நீங்க பாருங்க மச்சான். நீங்கதான் கிட்ட நிக்கிறீங்க.

சுக்கானி: வயசுல சின்னவன் நீ. முட்டி போட்டுப் பாரு.

கரண்ட்: நீங்க போடுங்க முட்டி.

சுக்கானி: ஏன், உனக்கு என்ன?

கரண்ட்: எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்கு என்ன?

சுக்கானி: எனக்கு ஒண்ணும் இல்ல.

கரண்ட்: அப்ப குனிய வேண்டியதுதானே.

சுக்கானி: குனியறதுக்கு என்ன... குனியலாம். அடுத்த வாரம் ஆளுங்களுக்கு உடம்புச் சோதனை இருக்கு. அன்னிக்கு எப்படியும் குனியச் சொல்லுவாங்க. இன்னிக்கு எதுக்கு வீணா?

கரண்ட்: அதுவும் சரிதான். நம்ம நங்கூரக்காரரைப் பார்த்தீங்களா?

சுக்கானி: பார்த்தேன். டாக்டர்கிட்ட 'லேசா வலிக்குது'ன்னு ஒரு வார்த்தை சொன்னானாம். இப்ப ஸ்டோர்ல உட்கார்ந்து பெயிண்ட் டப்பாவுக்கு மூடி போட்டுக்கிட்டு இருக்கான். கடலைப் பார்க்க ஜன்னல்கூட கிடையாது. செத்தாலும் நான் வாயைத் தொறக்க மாட்டேன்பா.

கரண்ட்: நீங்க எதுக்குத் தொறக்கணும்? உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே.

சுக்கானி: அதான். ஒண்ணும் இல்ல.

கரண்ட்: மச்சான், கோளாறு கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கு. ஒரு நேரத்துல ஒரே ஒரு சாமானைக் கழட்டணும். காம்பஸைப் பார்க்கணும். சரியாச்சுன்னா அதுதான் குத்தவாளி. சரியாகலேன்னா அது நிரபராதி. திரும்ப மாட்டிட்டு அடுத்ததுக்குப் போகணும். ரெண்டை ஒண்ணா கழட்டினா எது குத்தவாளின்னு தெரியாமப் போயிரும்.

சுக்கானி: அப்படித்தான் நானும் ஒண்ணைக் கழட்டிப் பார்த்தேன். லேசா நகர்ந்துச்சு. ஆனா சரியாகல.

கரண்ட்: எதைக் கழட்டினீங்க?

சுக்கானி: ...ஒரு ஸ்க்ரூ.

கரண்ட்: எந்த ஸ்க்ரூ?

சுக்கானி: பித்தளை ஸ்க்ரூ.

கரண்ட்: பித்தளையில காந்தம் ஒட்டாதே, அதை எதுக்கு...

சுக்கானி: கழட்டணும்னு தோணுச்சு, கழட்டினேன்! நீ எதையும் கழட்டிப் பார்க்கலையா?

கரண்ட்: பார்த்தேன்... நான் பார்த்தது வேற விஷயம். அதுவும் நிரபராதி.

சுக்கானி: என்ன விஷயம்?

கரண்ட்: மேடம் வர்றாங்க.

கேப்டன்: ரெண்டாவது காபி முடிஞ்சாச்சு. இப்ப தன் மகளோட ஆல்பத்தை எடுத்துட்டார். நமக்குக் கொஞ்ச நேரம் கிடைச்சிருக்கு. ஏதாவது தெரிஞ்சுதா?

கரண்ட்: தேடிக்கிட்டே இருக்கோம்.

கேப்டன்: குனிஞ்சு பார்த்தீங்களா?

சுக்கானி: ...பார்த்த மாதிரிதான் மேடம்.

கேப்டன்: நான் படியேறி வரும்போது ஒண்ணு யோசிச்சேன். ரிப்பேர்காரர் தனியா நின்னார், சரியா இருந்துச்சு. நான் தனியா நிக்கிறேன், சரியா இருக்கு. நீங்க மேஜையைப் பிரிச்சீங்க, கடிகாரத்தைப் பிரிச்சீங்க, சமையல்காரர் சட்டியைப் பிடுங்கினீங்க. உங்களைச் சோதிச்சீங்களா?

கரண்ட்: எங்களையா?

கேப்டன்: 'பின்னாடி ஒண்ணும் இல்ல, சும்மா நாங்க நிக்கிற இடம்.' நீங்களே சொன்னீங்க. ரெண்டு பேரும் வெளிய போங்க.

சுக்கானி: மேடம், அது வந்து...

கேப்டன்: போங்க! இன்னும் தள்ளி... படிக்கட்டுகிட்ட. ம்... தொண்ணூறு. பாருங்க, பொட்டு மாதிரி நிக்குது. கரண்ட், நீங்க அங்கயே நில்லுங்க. சுக்கானி, நீங்க மட்டும் உள்ள வாங்க.

சுக்கானி: இங்கேயே நிக்கிறேனே...

கேப்டன்: உள்ள வாங்கன்னேன். வாங்க. இன்னும் ஒரு அடி... ஆ! நகருது. எண்பத்தி ஏழு!

கரண்ட்: மாட்டினாரா? அவர்தானா? நான் நினைச்சேன் மேடம்!

கேப்டன்: கத்தாதீங்க. ஆனா எண்பத்தி ஏழுதானே காட்டுது. முன்னாடி எண்பத்தி ரெண்டு இல்ல?

கரண்ட்: தள்ளி நிக்கிறார் மேடம், அதான். காந்தத்தோட வேலை அப்படி. தூரம் பாதியாச்சுன்னா இழுப்பு ரெண்டு மடங்கு இல்ல, எட்டு மடங்கு! ஒரு அடி கிட்ட வந்தா எண்பத்தி ரெண்டைத் தொட்டுரும். போதும் மேடம், கண்டுபிடிச்சாச்சு, நான் உள்ள வரலாமா?

கேப்டன்: வாங்க. சுக்கானி, பாக்கெட்டுல இருக்கிறதை எல்லாம் வெளிய எடுங்க.

சுக்கானி: கைக்குட்டை... பாதி பிஸ்கட்டு... அவ்வளவுதான் மேடம்.

கேப்டன்: பெல்ட் பக்கிள்?

சுக்கானி: பித்தளை.

கேப்டன்: செருப்புல ஆணி?

சுக்கானி: தைச்சது மேடம்.

கேப்டன்: அப்ப என்ன, உங்க நெஞ்சுல ஈரம் இருக்கிற இடத்துல இரும்பு இருக்கா? சுக்கானி, கேளுங்க. நீங்க வெளிய நின்னா காம்பஸ் சரியாயிரும், தெரியும். ஆனா சுக்கானைப் பிடிச்சுக் காட்டுன்னு அந்த ஆளு உங்களைத்தான் கூப்பிடுவார். கூப்பிடலேன்னாலும், நாலு நாள் கோளாறுன்னு நான் ஏற்கனவே மேலிடத்துக்குச் சொல்லியாச்சு. இப்ப 'தானா சரியாயிருச்சு'ன்னா, 'தானா மறுபடி கெட்டுப்போகும்'னு எழுதிட்டுப் போயிருவார். காரணம் வேணும். காரணம் இல்லேன்னா கப்பல் இல்ல.

சுக்கானி: காரணம் சொன்னா, எழுதுவீங்களா மேடம்?

கேப்டன்: எழுதாம?

சுக்கானி: ஆள் யாருன்னும்?

கேப்டன்: எழுதணும்.

சுக்கானி: ...அந்த உடைக்கிறவன், எங்க தட்டினான்னீங்க? இடது பக்கமா?

கேப்டன்: ஆமா.

சுக்கானி: தபால் பெட்டியில உரசினது அந்தப் பக்கம்தான். ஒரே ஒரு பலகைதான் மாத்தினோம். மத்ததெல்லாம் இன்னும் தாய்ப்பலகை... சரி. எழுதிக்கோங்க. முட்டி வலி மேடம். படியேறினா உயிர் போகுது. முட்டியில பெல்ட் கட்டியிருக்கேன். கால்சட்டைக்கு உள்ள. அதுல சின்னச் சின்னதா, பட்டன் மாதிரி காந்தம் வரிசையா தச்சிருக்கும். வலியை உறிஞ்சும்னாங்க.

கேப்டன்: காந்தம்.

சுக்கானி: ஆமாங்க மேடம்.

கேப்டன்: காந்தக் கண்ணிவெடி வார்ற கப்பல்ல. காம்பஸ் முன்னாடி. சுக்கானைப் பிடிக்கிறவர்.

சுக்கானி: நான் அதையும் யோசிச்சேன் மேடம்! முந்தாநாள் கழட்டி வச்சுட்டு வந்து பார்த்தேன். அப்பவும் காம்பஸ் கோணலாத்தான் நின்னுச்சு. சரி, நம்ம பெல்ட் காரணமில்லேன்னு திரும்பக் கட்டிக்கிட்டேன்.

கரண்ட்: அதான் அந்தப் பித்தளை ஸ்க்ரூவா! மச்சான், உங்களுக்கு அறிவு இருக்கா? காந்தம் போய் வலியை உறிஞ்சுமா? அதென்ன அட்டைப்பூச்சியா? ரத்தத்துல இருக்கிற இரும்பு காந்தத்துல ஒட்டவே ஒட்டாது, தெரியுமா? ஒட்டும்னா ஸ்கேன் மிஷினுக்குள்ள போனவன் எல்லாம் சுவத்துல ஒட்டிக்கிட்டு நிப்பான். எந்த மடச்சாம்பிராணி இதை உங்க தலையில கட்டினது?

சுக்கானி: உன் பொண்டாட்டி.

கரண்ட்: ...யாரு?

சுக்கானி: என் தங்கச்சி. போன மாசம் வாங்கிட்டு வந்து குடுத்தா. 'அண்ணே, அவருகிட்ட மட்டும் சொல்லாதே, ஒரு மணி நேரம் பாடம் எடுப்பார்'னா.

கரண்ட்: ...ஓ.

கேப்டன்: குடும்பச் சண்டையைச் சாயங்காலம் வச்சுக்கோங்க. சுக்கானி, கழட்டுங்க. இப்பவே. நான் திரும்பிக்கிறேன்.

சுக்கானி: ...கழட்டிட்டேன் மேடம். இந்தாங்க.

கேப்டன்: வெளிய, கரையில நிக்கிற காவல்காரர்கிட்ட குடுத்துட்டு வாங்க. ஓடாதீங்க, மெதுவா. வலிக்கும்.

சுக்கானி: எழுதினா எழுதிக்கட்டும் மேடம். பெயிண்ட் டப்பாவுக்கு மூடி போட ஆளு வேணுமில்ல... கப்பல் போய் அந்தப் படகுகாரங்களுக்கு வாசலைத் தொறந்துவிடட்டும். அது போதும்.

கேப்டன்: முதல்ல போயிட்டு வாங்க, அப்புறம் பேசலாம். கரண்ட், உங்க மூஞ்சி ஏன் அப்படி ஆயிருச்சு?

கரண்ட்: ஒண்ணும் இல்ல மேடம். புழுக்கம்.

கேப்டன்: கதவு தொறந்துதானே இருக்கு... சுக்கானி, குடுத்தாச்சா? வாங்க, உங்க இடத்துல நில்லுங்க. கரண்ட், நீங்களும் எப்பவும் நிக்கிற இடத்துல நின்னு படிங்க. எவ்வளவு?

கரண்ட்: மேடம், கொஞ்ச நேரம் அடங்கட்டும். தட்டு திரவத்துல மிதக்குது, ஆடி நிக்கணும்னா...

கேப்டன்: அது ஆடல. படிங்க.

கரண்ட்: ...எண்பத்தி அஞ்சு.

கேப்டன்: என்ன?

சுக்கானி: எண்பத்தி அஞ்சா? நான்தான் சொன்னேனே மேடம்! என் பெல்ட்டைக் கழட்டினாலும் கோணல் போகாதுன்னு! அநியாயமா என் காலைக் காட்டிக் குடுத்தேனே...

கேப்டன்: ஐயோ, எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்! பெல்ட் கரையில இருக்கு. மேஜை இல்ல, கடிகாரம் இல்ல, சட்டி இல்ல, என் தலையில ஊசி இல்ல. அதிகாரி கப்பல் பலகையில கால் வச்சுட்டார், சத்தம் கேட்குது. இன்னும் இந்த அஞ்சு டிகிரி எங்கேயிருந்து வருது? கரண்ட்? ஏன் பின்னாடியே போறீங்க? நீங்க போகப் போக அது ஏன் தொண்ணூறு பக்கம் நகருது... கரண்ட்!

கரண்ட்: எழுதிக்கோங்க மேடம். கோளாறு ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு இவர் முட்டியில இருந்துச்சு. இன்னொண்ணு என் இடுப்புல இருக்கு, பனியனுக்கு உள்ள. அதே மாதிரி காந்தம் தச்ச பெல்ட், அதே மகராசி வாங்கினது. எனக்கும் 'அண்ணன்கிட்ட சொல்லாதீங்க, கிழவன்னு கிண்டல் பண்ணுவார்'னு சொல்லித்தான் குடுத்தா. குனிய முடியல மேடம், ஆறு மாசமா. நானும் என்னோடதை ஒரு நாள் கழட்டிப் பார்த்தேன். இவரோடது இங்க இருந்ததால காம்பஸ் சரியாகல, அதனால என்னோடது நிரபராதின்னு மாட்டிக்கிட்டேன். இவர் கழட்டினப்ப என்னோடது இருந்துச்சு, அதனால இவரும் மாட்டிக்கிட்டார். ஒண்ணொண்ணா கழட்டினா இது தெரியவே தெரியாது, ரெண்டையும் ஒரே நேரத்துல கழட்டணும். இதோ, கழட்டிட்டேன்... மச்சான், அந்த ஜன்னல் வழியா இதைக் காவல்காரர்கிட்ட வீசுங்க. இப்ப தொண்ணூறு. காரணம் ரெண்டு பெல்ட். கட்டியிருந்தது சுக்கானியும் எலக்ட்ரீசியனும். ரெண்டும் கரைக்குப் போயாச்சு. இனிமே காந்தம் கட்டிக்கிட்டு யாரும் கப்பல்ல ஏறக்கூடாது. ரெண்டு பேரையும் சேர்த்தே எழுதுங்க மேடம், அதிகாரியை உள்ள வரச் சொல்லுங்க.